முனியாண்டியும் மூன்று டாக்டர்களும்

கள ஆய்வு உதவியாளர் என்றால், பல்கலைக்கழகத்துக்குத் தெரியாத செம்மண் சாலையையும் தோட்டத்து மக்களுக்குப் புரியாத ஆய்வுத் தலைப்பையும் ஒரே தோள்பையில் போட்டுக்கொண்டு அலைகிற பிறவி என்று அர்த்தம்.

வீடு வீடாகப் போய்க் காப்புறுதி விற்கும் அக்காமார்களே, தண்ணீர் வடிகட்டி விற்கும் தம்பிமார்களே, நீங்களும் என் கட்சிதான். கதவைத் தட்டுவது நாம். தட்டச் சொன்னவர் எங்கோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பார். நாய் குரைப்பது நம்மைப் பார்த்து, ஏச்சு விழுவதும் நமக்கு. ஆகவே நான் சொல்லப்போவது வேறு யாரையும்விட உங்களுக்குச் சட்டென்று புரியும்.

என் பெயர் செல்வி. அறிவியல் பட்டம் வாங்கி, நிரந்தர வேலைக்கு மனுப் போட்டுப் போட்டு அலுத்துப்போய், ஒப்பந்தம் விட்டு ஒப்பந்தம் தாவிப் பிழைப்பு நடத்துகிறேன். வேலையெல்லாம் கோலசிலாங்கூரைச் சுற்றித்தான். பிறந்து வளர்ந்தது அங்கிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில். அந்தத் தோட்டம் கைமாறிவிட்டது. செம்பனையை அழித்து வீடமைப்புத் திட்டம் வரப்போகிறது என்று பலகையும் நட்டுவிட்டார்கள். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகள் உடையும், பதிலுக்கு அடுக்குமாடியில் வீடு கிடைக்கும் என்றார்கள். எங்கள் சனங்கள் அதற்குச் சரி என்று தலையாட்டிவிட்டார்கள். அவர்கள் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று. லயத்துக் கோடியில், ஆலமரத்தடியில் இருக்கும் முனியாண்டி கோயிலை மட்டும் அசைக்க வேண்டாம் என்றார்கள். முனியாண்டி எல்லைச்சாமி. எல்லையில் நட்டவரைத் தூக்கி வேறெங்கோ வைத்தால் அவர் எதைக் காவல் காப்பார் என்பது அவர்கள் கேள்வி.

கோயில் நிலத்துக்குக் கிராண்ட் என்கிற பட்டா கிடையாது. பழைய துரைமார் காலத்தில் வாய்ச்சொல்லில் கிடைத்த இடம். கோயிலின் பழைய புகைப்படங்கள் ஆற்று வெள்ளத்தில் போய்விட்டன. இந்த நிலையில்தான் தோட்டத்துக்கு மூன்று ஆராய்ச்சிகள் அடுத்தடுத்து வந்து சேர்ந்தன. ஒன்று பறவை பற்றி, ஒன்று பிள்ளைகளின் படிப்பு பற்றி, ஒன்று சாமி பற்றி. மூன்றுக்கும் உதவியாளர் அடியேன்தான். இவ்வளவு படித்தவர்கள் வந்து நம்மைப் பற்றி எழுதுகிறார்களே, கோயிலுக்காக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று தோட்டமே நம்பியது. நானும் நம்பினேன். அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

எங்கே கையெழுத்துப் போடுவது?

எந்த ஆராய்ச்சியும் சம்மதப் பத்திரத்தில்தான் தொடங்கும். ‘நான் இந்த ஆய்வில் முழு மனத்துடன் பங்கேற்கிறேன், விரும்பும்போது விலகிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு’ என்று அழகான தமிழில் அச்சடித்திருக்கும். முதன்முதலில் அதை எடுத்துக்கொண்டு போனது தனம் அக்கா வீட்டுக்கு. தனம் அக்கா செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். கடைசிப் பெண் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறாள். அதனால் படிப்பு ஆராய்ச்சிக்குத் தேர்வானார்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பத்திரத்தை வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அதற்கு முந்தின மாதம்தான் வீட்டைக் காலி செய்யும் விஷயமாக ஒரு காகிதம் வந்து, அதிலும் கையெழுத்துக் கேட்டிருந்தார்கள். இது வேறு அக்கா, இது படிப்பு விஷயம், கட்டாயம் எதுவும் இல்லை, வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்று நான் மூச்சு விடாமல் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்:

“இதுல கையெழுத்து போட்டா தொரத்துவாங்களா, போடலன்னா தொரத்துவாங்களா? அத மட்டும் சொல்லிடு புள்ள.”

சேறு

இது தோட்டத்துக் கதை இல்லை. தொழிலின் குணம் உங்களுக்குத் தெரியட்டும் என்று இடையில் சொருகுகிறேன்.

பறவை ஆராய்ச்சி நடத்திய டாக்டரின் நண்பர் ஒருவருக்காகச் சுங்கை செம்பிலாங் கரையில் கடல் சேறு எடுக்கப் போயிருந்தேன். படகு ஒரு சீனப் பெரியவருடையது. கெராங் சிப்பி எடுத்துப் பிழைக்கிற குடும்பம். சில வருஷங்களாகச் சிப்பி குஞ்சிலேயே செத்துப்போகிறது. அதனால் சேறு எடுக்க யார் வந்தாலும் காரணம் தெரிந்துவிடும் என்று முதலில் காசே வாங்காமல் ஓட்டினாராம். நான் போனபோது அந்த நம்பிக்கையெல்லாம் போய்விட்டிருந்தது. வாடகையை முன்னாலேயே வாங்கி வைத்துக்கொண்டார். நான் புட்டிகளில் சேற்றை அடைத்து, மூடி மேல் எண் எழுதி, ஐஸ் பெட்டியில் வரிசையாக அடுக்குவதை வாயில் சிகரெட்டோடு பார்த்துக்கொண்டே இருந்தார். கரை வந்ததும் மலாயில் சொன்னார். தமிழில் தருகிறேன்:

“உங்க ஆளுங்க இதுவரைக்கும் கொண்டுபோன சேத்த ஒரே எடத்துல கொட்டியிருந்தா இந்நேரம் ஒரு தீவு வந்திருக்கும். என் கெராங் ஏன் சாவுதுன்னு திரும்பி வந்து சொன்னவன் ஒருத்தன் கெடையாது.”

கொஞ்சம் மேலே தூக்கி

பறவை டாக்டர் நல்ல மனுஷி. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் பிள்ளைகளுக்குப் பலகாரம் வாங்கி வருவார். முனியாண்டி கோயில் ஆலமரத்தில் பழம் பழுக்கும்போது பெரிய அலகு வைத்த இருவாச்சிப் பறவைகள் எங்கிருந்தோ வந்து இறங்கும். அந்த மரத்துக்காகவும் அந்தப் பறவைகளுக்காகவும்தான் அவர் கோலாலம்பூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்தார். பழக் காலம் முடியும் வரை மணி அடிக்காமல், மேளம் தட்டாமல் இருக்க முடியுமா என்று கோயில் தலைவர் மாரிமுத்து அண்ணனிடம் கேட்கச் சொன்னார். அண்ணன் செம்பனைக் குலையை ஆலைக்கு ஏற்றிப்போகும் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். குரலைத் தாழ்த்தியே பேசத் தெரியாத மனிதர். அவர் உடனே மணியின் நாக்கில் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை பூசையைக்கூடக் கிசுகிசுப்பாக நடத்தினார். டாக்டருக்கு நாம் உதவினால் நாளைக்கு அவர் நமக்கு உதவுவார் என்று என்னிடம் கண்ணைச் சிமிட்டினார்.

படம் எடுக்கும் வேலை எனக்கு. மரத்தை நாலு பக்கமும் எடுக்க வேண்டும். எந்தப் பக்கம் நின்றாலும் முனியாண்டியின் அரிவாளோ தகரக் கூரையோ, காவித் துணி கட்டிய வேலோ உள்ளே வந்துவிடும். டாக்டர் ஒவ்வொரு படத்தையும் பார்த்து அழித்தார். கோபமே இல்லை, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி மெதுவாகச் சொன்னார்:

“மனுஷங்க கட்டினது எதுவும் படத்துல விழக்கூடாது, செல்வி. கொஞ்சம் மேல தூக்கி எடுங்க.”

எல்லாவற்றுக்கும் ஐந்து

படிப்பு ஆராய்ச்சிக்கு வந்தவர் கல்வி டாக்டர். நம்மவர்தான், நன்றாகத் தமிழ் பேசுவார். பேச்சு மட்டும் எப்போதும் மேடையில் இருப்பது போல இருக்கும். அவருடைய கேள்வித்தாளில் வாக்கியங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்று முதல் ஐந்து வரை கட்டங்கள். ஒன்று என்றால் சுத்தமாக ஒத்துக்கொள்ளவில்லை, ஐந்து என்றால் முழுக்க ஒத்துக்கொள்கிறேன். லயம் முழுக்க வீட்டுக்கு வீடு கொடுத்து, மறு வாரம் திரும்ப வாங்கினேன்.

எல்லாருமே எல்லாவற்றுக்கும் ஐந்து. ‘என் பிள்ளை படிப்பதற்கு வீட்டில் தனி இடம் இருக்கிறது’ என்பதற்கும் ஐந்து. ‘என் பிள்ளை படிப்பதற்கு வீட்டில் இடமே இல்லை’ என்பதற்கும் ஐந்து. ‘பள்ளிக்கூடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை’ என்பதற்குக்கூட மறுபேச்சில்லாமல் ஐந்து. கல்வி டாக்டர் தாள்களைப் புரட்டிவிட்டு, தோட்டத்துப் பெற்றோருக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று ஒரு வரி எழுதிக்கொண்டார். தரவு கெட்டுப்போனது என்று மொத்தத்தையும் ஒதுக்கினார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இப்படிச் செய்யலாமா என்று தனம் அக்காவிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அக்காவுக்கு நான் ஏன் கோபப்படுகிறேன் என்றே புரியவில்லை. முகம் வாடிப்போய்ச் சொன்னார்:

“வீடு தேடி வந்த புள்ளைக்கு ஒண்ணு ரெண்டுன்னா மார்க் போடறது? ஒனக்கு நல்லா வரட்டும்னுதான் லயமே பேசி வச்சி அஞ்சு போட்டோம்லா.”

சாமியிடம் சம்மதம்

மூன்றாமவர் சாமி டாக்டர். உண்மையில் அவர் அப்போது டாக்டர் இல்லை, அந்தப் பட்டத்துக்குத்தான் படித்துக்கொண்டிருந்தார். தோட்டத்து மக்கள் முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள். கோலாலம்பூர்ப் பையன், மெலிந்த உடம்பு, காவல் தெய்வங்கள் பற்றி ஆராய்ச்சி. மற்ற இருவரையும்விட எங்கள் கோயிலின் மேல் உண்மையான பிரியம் வைத்தவர் அவர்தான். தரையில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டார். முனியாண்டியின் கதையை மாரிமுத்து அண்ணனிடம் திரும்பத் திரும்பக் கேட்டுப் பதிவு செய்தார். ஆனால் விதி என்றால் அவருக்கு உயிர். சம்மதம் வாங்காமல் யாருடைய பேச்சையும் பதிவு செய்யக் கூடாது என்பது பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் கட்டளை.

திருவிழா அன்று மதியம், கிடா வெட்டுக்கு முன்னால், மாரிமுத்து அண்ணனுக்குச் சாமி வந்தது. வாயில் சுருட்டு, கையில் அரிவாள், கண் ரெண்டும் சிவப்பு. சாமி டாக்டர் ஒலிப்பதிவுக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் மாரிமுத்து, இப்போது பேசுகிறவர் முனியாண்டி, இரண்டும் வேறு வேறு ஆள் அல்லவா என்று என் காதில் கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. கும்பலை விலக்கிக்கொண்டு போய்க் கைகூப்பி, “சாமி, நீங்க பேசறத பதிவு செஞ்சிக்கலாமா?” என்று கேட்டே விட்டார்.

உறுமி மேளம் நின்றது. முனியாண்டி சுருட்டை இழுத்துப் புகையை அவர் முகத்தில் விட்டார். பெண்கள் குலவை போட வாயெடுத்து அப்படியே நின்றுவிட்டார்கள். சாமி சொன்னது இதுதான், கருவியிலும் பதிவாகியிருக்கிறது:

“என்னக் கேட்டாடா இங்க கொண்டாந்து நட்டீங்க, இப்ப வந்து கேக்கற? எழுதுடா. இது என் எல்ல. நான் இங்கருந்து நவுர மாட்டேன். எழுதிக்கிட்டியா?”

தோட்டம் ‘அ’

சாமியே எழுதச் சொல்லிவிட்டது, அவரும் எழுதிக்கொண்டார். அதோடு லயத்தில் எல்லாருக்கும் நிம்மதி வந்துவிட்டது. கோயில் விஷயமாகக் கூட்டம் என்றும், கோயிலின் பழமைக்கு ஆவணம் இருந்தால் கொண்டு வரலாம் என்றும் மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தபோது மாரிமுத்து அண்ணன் கொஞ்சமும் கலங்கவில்லை. “பையன் பொஸ்தகமே எழுதியிருக்கான்லா” என்று தொடையைத் தட்டினார். ஆய்வேடு அப்போதுதான் தேறி வெளியாகியிருந்தது. நான் அதை வாங்கி, ஜெராமில் ஒரு கடை வாசலில் காரை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து படித்தேன்.

அருமையான எழுத்து. எங்கள் கோயிலுக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருந்தார். முதல் சட்டி பொங்கலிலிருந்து சுருட்டுப் புகை வரை எல்லாம் இருந்தது. சாமி சொன்ன வாக்கு வார்த்தை பிசகாமல் இருந்தது. ஆனால் எங்கள் தோட்டத்தின் பெயர் ‘தோட்டம் அ’. இருக்கும் இடம் ‘சிலாங்கூரின் வடபகுதி’. மாரிமுத்து அண்ணன் ‘பங்கேற்பாளர் நான்கு’. ஆலமரம் ‘ஒரு பெரிய மரம்’. படித்தவர் யாரும் இடத்தைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று திருவிழா மாதத்தைக்கூட மாற்றியிருந்தார். இதை எடுத்துக்கொண்டு போய் மாவட்ட அலுவலகத்தில் நீட்டினால் அது வேறு எவனுடைய தோட்டம் என்றும் சொல்லிவிடலாம்.

போன் போட்டேன். பாவம், அவர் குரலே உடைந்துவிட்டது. ஆய்வில் பங்கேற்றவர்களின் அடையாளத்தை வெளியிட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாராம். இடத்தைச் சொன்னால் ஆட்களையும் சொன்ன மாதிரியாம். மாரிமுத்து அண்ணனே தன் பெயரைப் போடச் சொல்கிறார், புதிதாகக் கையெழுத்து வாங்கி வருகிறேன் என்றேன். அதற்கும் நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும், குழு அடுத்த மாதம்தான் கூடுகிறது, நீங்கள் சொல்கிற கூட்டமோ இந்த வாரம் என்றார். எங்களை யாரிடமிருந்து இத்தனை பத்திரமாக ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று கத்தினேன். அழுதும் விட்டேன். கடை வாசலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் மெல்லச் சொன்னார்:

“உங்க ஆளுங்க பாதுகாப்புக்குத்தானேக்கா பேர மறைச்சோம்.”

ஒரே ஒரு வரி

அடுத்த கதவு பறவை டாக்டர். அவருடைய அறிக்கையில் எல்லாம் வெளிப்படை. மரம் நிற்கும் இடம் வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டப்பட்டிருந்தது. பறவைக்கு ஆள் அடையாளம் மறைக்க வேண்டிய அவசியம் இல்லை பாருங்கள். மரத்தடியில் வழிபாடு நடக்கும் பழைய கோயில் ஒன்று இருக்கிறது என்று ஒரே ஒரு வரி சேர்த்துக் கடிதம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். கல்வி டாக்டரிடம் நான் போகவே இல்லை. அவருடைய தரவைத்தான் லயமே கூடிப் பேசிக் கெடுத்து வைத்திருந்ததே.

பறவை டாக்டர் எனக்குத் தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். அவர் கண்ணிலும் வருத்தம் தெரிந்தது. சொன்னது மட்டும் இது:

“நான் பறவையப் பத்திப் பேசறவ, செல்வி. கோயிலப் பத்தி ஒரு வரி எழுதினா, இவளுக்கு இதுல என்ன அக்கறைன்னு பறவையப் பத்தி எழுதினதையும் சந்தேகப்படுவாங்க.”

மரம் இருக்கும்

மாவட்ட அலுவலகக் கூட்டத்துக்கு மாரிமுத்து அண்ணன் இஸ்திரி போட்ட பாத்திக் சட்டையில் வந்தார். தனம் அக்காவும் கூட நாலைந்து பேரும் வந்தார்கள். அதிகாரி மரியாதையான மனிதர், எங்களுக்குத் தண்ணீர் புட்டி கொடுத்து உட்காரச் சொன்னார். கைப்பேசிப் படங்களைக் காட்டினோம். இவை நேற்று எடுத்தவையாகவும் இருக்கலாமே என்றார். ஆய்வேட்டைக் காட்டினோம். புரட்டிப் பார்த்து, இதில் உங்கள் தோட்டத்தின் பெயர் எங்கே என்று கேட்டார். நான் ‘தோட்டம் அ’ என்ற வரியில் விரலை வைத்தேன். அப்புறம் திரையில் வீடமைப்பு வரைபடத்தைப் போட்டார்கள். நடுவில் பச்சை வட்டம். அதற்குள் எங்கள் ஆலமரம், லத்தீன் பெயரோடு. பக்கத்தில் நான் எடுத்த படம்.

“மரம் அங்கேயே இருக்கும், கவலை வேண்டாம்” என்றார் அதிகாரி. தனம் அக்கா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மரம் இருக்கும் என்றால் சாமியும் இருக்கும் என்று எங்கள் கணக்கு. அதிகாரி அடுத்த வரிக்குப் போனார். மரத்தின் வேருக்குப் பாதிப்பு வராமலிருக்க, கீழே உள்ள கட்டடங்களை அகற்றிவிட வேண்டும் என்று அந்தப் பறவை அறிக்கையை வைத்துப் பரிந்துரை வந்திருக்கிறதாம். கோயிலுக்கு அடுக்குமாடிக்குப் பின்னால், கழிவு நீர்க் குளத்தை ஒட்டி வேறு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதுவும் அவர்கள் பெரிய மனது வைத்ததால்தான்.

வெளியே வந்து பாசிர் பெனம்பாங் பக்கம் ஒரு கடையில் கோப்பி வாங்கினோம். யாரும் குடிக்கவில்லை. எப்போதும் கத்திப் பேசும் மாரிமுத்து அண்ணன் என் பக்கம் குனிந்து, யாரும் கேட்காமலே குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“பொங்க வச்சி, கெடா வெட்டி, இத்தன வருஷம் கும்பிட்டதுக்கு, நாமளும் வந்து பழத்த தின்னுட்டுப் பறந்திருந்தா எழுதியிருப்பாங்க போல செல்வி.”

வராத சாமி

கோயிலைப் பெயர்க்கும் நாளில் உறுமி அடித்தார்கள். சாமியிடம் உத்தரவு கேட்காமல் கை வைக்கக் கூடாது என்பது வழக்கம். மாரிமுத்து அண்ணன் குளித்து, ஈர வேட்டியோடு மரத்தடியில் நின்றார். தட்டில் சுருட்டு இருந்தது. உறுமிக்காரர் கை ஓயும் வரை அடித்தார். பெண்கள் வேப்பிலையை வைத்துக்கொண்டு அழுதார்கள். அண்ணன் அசையவே இல்லை. வெறும் மாரிமுத்துவாக, வயசான லோரி டிரைவராக நின்றுகொண்டிருந்தார்.

வெயில் ஏறிவிட்டது. மேம்பாட்டு நிறுவனத்து ஆள் ஒருவர் இயந்திரம் காத்திருப்பதாக என்னிடம் வந்து சொன்னார். நான் போய் அண்ணனின் தோளைத் தொட்டு, இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போமா என்று கேட்டேன். அவர் தட்டிலிருந்த சுருட்டை எடுத்து மரத்தின் வேரில் வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார்:

“நவுர மாட்டேன்னு சொன்னவரு, நவுந்துக்கறேன்னு சொல்ல எப்படிம்மா வருவாரு? தூக்கச் சொல்லு. வெறுங் கல்லுதான்.”

கம்பிக்கதவு

இப்போது அடுக்குமாடியில் குடியேறிவிட்டார்கள். போன மாதம் எனக்குப் புது ஒப்பந்தம் வந்தது. தலைப்பைச் சொல்கிறேன், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்: ‘இடம்பெயர்க்கப்பட்ட தோட்டச் சமூகங்களின் மனநலமும் சமய வாழ்வும்’. அறிவியல், கல்வி, சமயம் மூன்று துறையும் கைகோத்த பெரிய திட்டம். கோயிலைக் காப்பாற்ற ஒரு வரி கிடைக்கவில்லை. அது போன பிறகு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு அறுபது பக்கக் கேள்வித்தாள் கிடைத்திருக்கிறது. மறுத்திருக்கலாம். கார்க் கடனும் வீட்டு வாடகையும் இருக்கிறவர்கள் எதையெல்லாம் மறுக்க முடியும் என்று உங்களுக்கே தெரியும்.

மின்தூக்கி வேலை செய்யவில்லை. தனம் அக்காவின் மாடிக்கு மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினேன். அக்கா சிரித்த முகமாகத்தான் வந்தார். எப்படி இருக்க புள்ள, இளைச்சிட்டியே என்று கேட்டார். கம்பிக்கதவின் பூட்டை மட்டும் திறக்கவில்லை. நான் கம்பி வழியாகவே சம்மதப் பத்திரத்தை நீட்டினேன். அவரும் கம்பி வழியாகவே வாங்கி, இந்தத் தடவை நிறுத்தி நிதானமாகப் படித்தார். “இதுலயும் எங்க பேரு போட மாட்டாங்கதானே?” என்றார். போட மாட்டார்கள் அக்கா என்றேன். பத்திரத்தை நாலாக மடித்து, கசங்காமல் என் கையில் திருப்பிக் கொடுத்தார். குரலில் கோபம் துளியும் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் நிம்மதியாகக் கீழே இறங்கியிருப்பேன்:

“பேரே வேணாம்னா யார வேணும்னாலும் கேட்டுக்கலாமே செல்வி, நானேதான் சொல்லணும்னு என்னா இருக்கு?”

இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் கிடந்து நான் கண்டறிந்த ஒரே முடிவு, ஆராய்ச்சியில் எல்லாரும் முறைப்படிதான் நடந்துகொள்கிறார்கள், அதனால்தான் யார் வீட்டு வாசலில் போய் நின்று சண்டை போடுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.